காதர் அண்ணன் சுவரில் விட்டுவைத்த இடம்

செய்தி வந்தபோது நான் தொழிற்சாலை வாசலில் வேனுக்குள் உட்கார்ந்திருந்தேன். இரவு வேலை முடிந்து வரும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அதுவரை சும்மா இருக்கத் தெரியாமல், முந்தின நாள் ஆட்டத்தில் கொடுக்காமல் விட்ட ஒரு பெனால்டிக்காக, முகம் தெரியாத யாரோ ஒருவரோடு கைப்பேசியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் சலீம் அழைத்தார். காதர் அண்ணன் கடையில் தேநீர் ஆற்றுபவர்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"வேல எடத்துலதான். ஏன்லா?"

"கட தொறக்கலண்ணே."

பெருநாளைத் தவிர அந்தக் கடை மூடி நான் பார்த்ததில்லை. வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

"அண்ணனா?" என்றேன்.

"விடியக்காலையில சுபுஹு தொழுதுட்டு உக்காந்தாங்க. எந்திரிக்கல. நீங்க கடைக்கு வராதீங்க. நேரா வீட்டுக்கு வாங்க."

பிள்ளைகள் ஏறி, கதவைச் சாத்தி, "அங்கிள், ஏன் இன்னும் எடுக்கல?" என்று கேட்ட பிறகுதான் நான் சாவியைத் திருப்பினேன். கைப்பேசியில் அந்த முகம் தெரியாத மனிதர் இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்குப் பதில் எழுதவில்லை. வென்றுவிட்டோம் என்று நினைத்திருப்பார்.

காதர் மைதீன் அண்ணனைத் தெரிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஈப்போவில் நாங்கள் குடியிருக்கும் பக்கம் முச்சந்தியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். ஒல்லியான உடம்பு, தொப்பி, தோளில் எப்போதும் ஒரு துண்டு. பந்தாட்டம் என்றால் உயிர். ஆனால் ஆட்டத்தை அவர் பார்த்த விதம் வேறு. நாங்கள் எல்லாரும் பந்தைப் பார்ப்போம். அவர் நடுவரைப் பார்ப்பார்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்வதில்லை என்று முடிவு செய்துகொண்டோம். தோட்டத்து அணியில் எனக்கு ஓர் இடம் இருந்தது. மாற்று ஆட்டக்காரர்களின் சட்டைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடம். இப்போது வேன் ஓட்டுகிறேன். என் மகள் ஆசிரியை. "எழுதுங்கப்பா, பிழை இருந்தா நான் பாத்துக்குறேன்" என்றாள். பிழை எதுவும் கண்ணில் பட்டால் அவளைக் கேளுங்கள்.

அண்ணன் கடையில் முதல் முறை நான் உட்கார்ந்தது ஒரு சனிக்கிழமை மாலை. சுவரில் தொலைக்காட்சி. வெளிநாட்டு ஆட்டம். எங்கள் அணி என்று நான் நம்பிக்கொண்டிருக்கும், என்னைப் பற்றி ஒன்றும் தெரியாத ஓர் அணி தோற்றுக்கொண்டிருந்தது. நான் மேசையைத் தட்டி, "காசு வாங்கிட்டான்லா ரெப்ரி" என்று கத்தினேன்.

சற்று நேரத்தில் தேநீர் வந்தது. பால் இல்லை, சீனி இல்லை. வெறும் சாயத்தண்ணீர். கோசோங்.

"நான் பால் போட்ட தே தாரேதானே கேட்டேன்" என்றேன்.

காதர் அண்ணன் கல்லாவிலிருந்தே சொன்னார்கள்: "கேட்டீங்க. அதுக்கப்புறம் ஒண்ணு சொன்னீங்க."

"என்ன சொன்னேன்?"

"கண்ணு தெரியலன்னு சொல்லுங்க, பொடியன்னு சொல்லுங்க, வீட்டுக்குப் போன்னு சொல்லுங்க. இந்தக் கடையில எல்லாம் சொல்லலாம். காசு வாங்கிட்டான்னு மட்டும் பாத்தாத்தான் சொல்லணும். நீங்க பாத்தீங்களா?"

"நான் எப்படிண்ணே பாப்பேன்? அவன் லண்டன்ல இருக்கான்."

"அப்ப குடிங்க."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு சீனப் பெரியவர் தம் கோப்பையைத் தூக்கிக் காட்டினார். அதுவும் கோசோங்தான். நான் தனி ஆள் இல்லை என்று தெரிந்ததும் குடித்தேன்.

அதற்குப் பிறகு அந்தக் கடையில் அதிகமாகக் கோசோங் குடித்தவன் நான்தான் என்று சலீம் சாட்சி சொல்வார். வாய் என்னுடையது, நான் என்ன செய்ய? எனக்குச் சீனி வியாதி வேறு. ஒரு தடவை அரசாங்க மருத்துவமனையில் டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, நன்றாகக் குறைந்திருக்கிறதே, என்ன செய்தீர்கள் என்று கேட்டார். "நடுவர்கள் சரியில்லை, டாக்டர்" என்றேன். அவர் வேறு மாத்திரை எழுதினார்.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று பழகிய பிறகு கேட்டேன். அண்ணன் முதலில் கடை வைத்தது காம்பாரில். நல்ல வியாபாரம். ஒரு நாள் யாரோ ஒருவர், அந்தக் கடைக் கறி சுத்தமில்லை என்று ஏதோ சொல்லியிருக்கிறார். யார், ஏன், இன்று வரை தெரியாது. அதிகாரிகள் வந்து பார்த்து, குறை ஒன்றுமில்லை என்று போனார்கள். ஆட்கள் வரவில்லை.

"குறை இல்லன்னு அவங்க என்கிட்ட சொல்லிட்டுப் போயிட்டாங்க தம்பி. ஊர்கிட்ட யாரும் சொல்லல" என்றார்கள் அண்ணன். "கண்ணு சரியில்லன்னா கண்ணாடி இருக்கு. பேரு போனா எந்தக் கடையில போய் வாங்குறது?"

அந்த வார்த்தை பின்னால் அவர் தலைமேலேயே வந்து விழும் என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

இன்னொரு வழக்கம். ஆட்டம் தொடங்கியதும் தொலைக்காட்சியின் சத்தத்தை அடைத்துவிடுவார்கள். வர்ணனை கிடையாது. புதிதாக வருபவர்கள் "பெட்டி கெட்டுப்போச்சா அண்ணே?" என்று கேட்பார்கள். "பெட்டி நல்லாத்தான் இருக்கு. வர்ணனைக்காரரு பேசுறதக் கேட்டுட்டு நாம பாக்குறோம்னு நெனச்சுக்கிறோம். சும்மா பாருங்க" என்பார்கள் அண்ணன். பார்த்தேன். உண்மையிலேயே ஆட்டம் வேறு மாதிரி இருந்தது. நடுவர் ஓடுகிறார், மூச்சு வாங்குகிறார், நாலு பக்கமும் ஆட்கள் கையை விரித்துக்கொண்டு வருகிறார்கள், ஒரு நொடியில் ஊதுகிறார். இப்போது திடல் ஓரத்திலும் பெட்டி வைத்து, திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். அதனால் சண்டை குறையும் என்றார்கள். பெட்டியும் காசு வாங்கிவிட்டது என்று அந்தக் கடையில் முதலில் சொன்னவன் நான். அன்றைக்கும் சீனி இல்லை.

பத்திரிகைகளின்மேலும் அவருக்கு ஒரு வருத்தம் உண்டு. காலையில் கடைக்கு வரும் பத்திரிகையைப் பின்பக்கத்திலிருந்துதான் விரிப்பார்கள். வெளிநாட்டு ஆட்டக்காரர் முடி வெட்டிக்கொண்டால் பெரிய படம். நம் பக்கத்துப் பிள்ளைகள் பழைய தோட்டத்துத் திடல்களில், மழையில், சேற்றில், ஒரு கிண்ணத்துக்காக உயிரைக் கொடுத்து ஆடுவார்கள். அது வந்தாலும் மூலையில், தவறான பெயரோடு வரும். "நம்ம ஆட்டம் எப்ப பெரிசா வரும் தெரியுமா? அடிதடி நடந்தா வரும்" என்பார்கள்.

அவருடைய ஒரே மகன் ரபீக் நடுவரானார். குளிர்சாதனம் பழுதுபார்க்கும் வேலை. வார இறுதியில் ஊதல். ஆட்டக்காரராகியிருந்தால் அண்ணன் இவ்வளவு பெருமைப்பட்டிருக்க மாட்டார்கள். மகன் தேர்வில் தேறி முதன்முதலில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்கு வந்த நாள், எல்லாருக்கும் தே தாரே, எனக்கு மட்டும் கூடுதல் சீனி. "இன்னைக்கு ஒரு நாள் டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார்கள்.

பிறகு அந்த இறுதியாட்டம் வந்தது.

எங்கள் பக்கத்து அணிக்கும் காம்பார் பக்கத்து அணிக்கும். முன்பு தோட்டமாக இருந்து இப்போது வீடமைப்பாகிவிட்ட இடம். திடல் மட்டும் மிச்சம். சனம் கோட்டுக்குள்ளேயே நின்றது. ஆட்டம் முடியும் தறுவாயில் எங்கள் கோல்காவலர் காம்பார்ப் பையனின் காலை வாரினார் என்று ரபீக் ஊதினார். பெனால்டி. கோல். தோற்றோம். நான் அங்கேதான் இருந்தேன். நான் பார்த்தது எனக்கு முன்னால் நின்றவருடைய குடையை மட்டும்தான். ஆனால் குடைக்கு அந்தப் பக்கம் நடந்ததைப் பற்றி அன்று திடலில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

அன்று மாலையே ஒரு படம் கைப்பேசிகளில் சுற்றியது. ரபீக்கும் காம்பார் அணியின் நிர்வாகியும் ஒரே மேசையில், சாப்பாட்டுத் தட்டுகளோடு, சிரித்துக்கொண்டு. அன்று காலையில் எடுத்தது. எடுத்த இடம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். காதர் அண்ணன் கடை.

பத்திரிகையில் அந்தப் படம் வந்தது. பெரிதாகவே வந்தது. தலைப்பு: "விலை போனாரா நடுவர்?"

"கேள்விக்குறி போட்டிருக்காங்க தம்பி" என்றார்கள் அண்ணன். "கேள்விதானே கேட்டோம்னு சொல்லலாம்லா."

பந்தாட்டச் சங்கம் ரபீக்கை ஒதுக்கிவைத்தது. விசாரணை என்றது. அதற்கிடையில் அண்ணன் யாரும் எதிர்பார்க்காத காரியம் ஒன்றைச் செய்தார்கள். அந்தச் செய்தியைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்து, கல்லாவுக்குப் பக்கத்துச் சுவரில், எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டினார்கள். அதற்குக் கீழே அதே அளவுக்குக் கொஞ்சம் இடம் விட்டு, பென்சிலால் கோடு போட்டார்கள்.

ஆமினா அக்கா, அண்ணனின் மனைவி, "பெத்த புள்ளையப் பத்தி எழுதுனத எந்த மனுசனாவது செவுத்துல ஒட்டுவானா?" என்று கேட்டார்கள்.

"மறச்சா உண்மைன்னு ஆயிடும். பதில் வரும். வந்தா எங்க ஒட்டுறது? எடம் வேணும்ல."

ரபீக் ஒரு முறை வந்து நின்றார். கடை நிறைய ஆட்கள்.

"அத்தா, அதக் கழட்டுங்க."

"கீழ வரட்டும். ரெண்டையும் சேத்துக் கழட்டுறேன்."

"நான் போற எடமெல்லாம் அதத்தான் பேசுறாங்க. இங்கயும் அதப் பாத்துக்கிட்டே சாப்பிடணுமா?"

அண்ணன் அடுத்தவருக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தார்கள். ரபீக் அதற்குப் பிறகு கடைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். வீட்டில் பார்த்துக்கொள்வார்கள், பேசிக்கொள்வார்கள். கடைக்கு வர மாட்டார்.

சில மாதம் கழித்துச் சங்கத்திலிருந்து ரபீக்குக்கு ஓர் அழைப்பு. தவறு எதுவும் இல்லை, அடுத்த வாரம் ஊத வரலாம் என்றார்கள். அதை எழுத்தில் கொடுங்கள் என்று ரபீக் கேட்டார். அதெல்லாம் வழக்கமில்லை என்றார்கள். ரபீக் போகவில்லை. ஊதலை எடுத்துவைத்துவிட்டார்.

அண்ணன் என்னிடம் வந்து, "வேன் இருக்கா தம்பி?" என்றார்கள். அவ்வளவுதான் கேட்டார்கள். இருவரும் சங்கத்து அலுவலகத்துக்குப் போனோம். ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடி. அறை முழுக்கக் கிண்ணங்கள். செயலாளர் நல்ல மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"பாய், உங்க பையன்மேல தப்பே இல்லன்னு கமிட்டியே சொல்லிடுச்சு. காசு கீசு ஒண்ணும் வாங்கல. பெனால்டியும் சரி. ரெண்டு வீடியோ பாத்தோம். இன்னும் என்ன வேணும்?"

"இத வெளிய சொல்லுங்க."

"உங்ககிட்ட சொல்லிட்டேனே."

"என்கிட்ட சொன்னீங்க. ஊர்கிட்ட?"

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் கிண்ணங்களைப் பார்த்தேன். "வெளிய சொன்னா, அப்ப ஏன் ஒதுக்கி வெச்சீங்கன்னு எங்களக் கேப்பாங்க பாய். அடுத்த மாசம் தேர்தல் வேற" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. பந்தாட்டத்தில் ஆட்டக்காரர் மாறுவார், பயிற்சியாளர் மாறுவார், திடல்கூட வீடாக மாறிவிடும். நாற்காலியில் இருப்பவருக்கு நாற்காலியைப் பற்றிய கவலை மட்டும் மாறவே மாறாது. இது தீர்ப்பு இல்லை. பார்வையாளர் வரிசையில் நின்றே வயதானவன் சொல்வது.

திரும்பி வரும் வழியில் மழை. வேன் கண்ணாடியில் படிந்த ஆவியை அண்ணன் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தார்கள். பிறகு சொன்னார்கள்:

"அந்த மேசையில அவன உக்கார வெச்சது நான்தான் தம்பி."

"யார?"

"ரபீக்கத்தான். அந்த நிர்வாகி காம்பார்க்காரரு. அங்க கட வெச்சிருந்தப்ப, ஊரே வராதப்பவும் வந்து சாப்பிட்ட மனுசன். அன்னைக்குக் காலையில வந்தாரு. விருந்தாளியத் தனியா உக்கார வெச்சுச் சாப்பாடு போடுறது எங்க வீட்டுல இல்ல. அடுப்படியில நான் இருந்தேன். பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டிருடான்னு ரபீக்க அனுப்புனேன். 'இன்னைக்கு வேணாம் அத்தா'ன்னுதான் சொன்னான். நான்தான் கேக்கல. ஒரு தட்டு சோறு, அதுல என்ன வந்துடப் போகுதுன்னேன்."

மழைத் துடைப்பான் போய்ப் போய் வந்தது. எனக்குச் சொல்லத் தெரிந்த ஒரே ஆறுதல் என்னவென்றால், "நீங்க சோறுதானேண்ணே போட்டீங்க" என்பதுதான். அதையும் சரியாகச் சொல்லவில்லை.

அந்தப் பத்திரிகை அலுவலகத்துக்கும் போனோம். நிருபர் தம்பி நல்ல பிள்ளை. தலையைச் சொறிந்தார். "தப்பு நடந்தா செய்திண்ணே. தப்பு நடக்கலங்குறது செய்தி இல்லயே. சங்கம் ஒரு வரி எழுதிக் கொடுக்கட்டும், போடுறேன்" என்றார். சங்கம் எழுதாது. சங்கம் எழுதாமல் பத்திரிகை போடாது. சொந்தக்காரர் கல்யாணத்தில் யார் முதலில் சாப்பிட உட்காருவது என்று இரண்டு பக்கமும் மரியாதை பார்த்து நின்றால் சோறு ஆறிவிடும் அல்லவா, அது மாதிரி ஆகிவிட்டது.

அந்த இடம் சுவரில் அப்படியே இருந்தது. சமையல் புகை படிந்து கடைச்சுவர் முழுக்கப் பழுப்பாகிவிட்டது. அந்த இடத்தை மட்டும் அண்ணன் தினமும் காலையில் துடைப்பார்கள். மேசை துடைக்கும் துணியால் இல்லை. அதற்கென்று ஒரு துணி. நான் கடைசியாகப் பார்த்த நாளும் துடைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"எதுக்குண்ணே இவ்ளோ மெனக்கெடுறீங்க?" என்றேன்.

"எண்ணெய் பிடிச்சா பசை ஒட்டாது தம்பி."

அவர் என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

அடக்கம் அன்றே நடந்தது. கடைக்கு வந்துபோகிறவர்கள் எல்லா இனத்திலும் இருந்ததால் பள்ளிவாசலுக்கு வெளியே எல்லா இனமும் நின்றது. காம்பார் நிர்வாகியும் வந்திருந்தார். அவரும் ரபீக்கும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். யாரும் படம் எடுக்கவில்லை.

மறுநாள் சாவியை வாங்கிக்கொண்டு ரபீக் கடையைத் திறந்தார். சலீமும் நானும் கூட இருந்தோம். ரபீக் நேரே அந்தச் சுவரின் முன்னால் போய் நின்றார். ஒட்டியிருந்த செய்தியின் மேல்முனையை நகத்தால் கிளப்பினார். பாதி வந்தது. பிறகு கீழே பார்த்தார். பென்சில் கோடு. அதற்குள் வெள்ளை.

"இது ஏன் இவ்ளோ சுத்தமா இருக்கு?" என்றார்.

சலீம்தான் சொன்னார்: "தெனம் தொடைப்பாங்க தம்பி."

ரபீக்குக்கு அது தெரியாது. அவர்தான் கடைக்கு வரவில்லையே. கிளப்பிய முனையைக் கட்டைவிரலால் அழுத்தி மறுபடி ஒட்டினார். ஒட்டவில்லை. கையை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். நானும் சலீமும் வெளியே வந்துவிட்டோம்.

மூன்றாம் நாள் நிருபர் தம்பி எனக்கு அழைத்தார். காதர் அண்ணனைப் பற்றி நினைவஞ்சலி எழுதித் தரச் சொன்னார். அரைப் பக்கம் தருகிறோம் என்றார். உயிரோடு இருந்தவருக்கு ஒரு வரி கிடைக்காத அதே பத்திரிகையில், போன பிறகு அரைப் பக்கம். எழுதுகிறேன் தம்பி என்றேன்.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். இடம் போதவில்லையென்றால் என் தோட்டத்துக் கதையை வெட்டுங்கள். டாக்டர் கதையை வெட்டுங்கள், அவரும் சந்தோஷப்படுவார். கீழே உள்ளதை மட்டும் விட்டுவிடுங்கள். இதைச் சங்கத்துச் செயலாளர் சொல்ல, காதர் மைதீன் அண்ணனோடு உட்கார்ந்து என் காதால் கேட்டேன். கேட்டதைத்தான் எழுதுகிறேன். இதற்குக் கேள்விக்குறி கிடையாது.

*நடுவர் ரபீக் அந்த இறுதியாட்டத்தில் கொடுத்த பெனால்டி சரியானது. அவர் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை.*

அண்ணே, நீங்கள் விட்டுவைத்த இடம் சின்னது. இந்த அரைப் பக்கம் அதற்குள் அடங்காது. கத்தரிக்கோல் சலீமிடம் இருக்கிறது. அந்த வரியை மட்டும் வெட்டி ஒட்டப்போகிறோம். நீங்கள் துடைத்த துடைப்புக்குப் பசை நன்றாகவே பிடிக்கும். ஊர் வந்து சாப்பிட்டு, படித்து, கை கழுவிவிட்டுப் போகட்டும். பிறகு நீங்கள் சொன்னபடியே இரண்டையும் சேர்த்து ரபீக் கழற்றுவார். கழற்றிய பிறகும் அந்தச் சுவரில் புகை படியாத ஓர் இடம் மிஞ்சும். அதை இனி யாரும் துடைக்க வேண்டியதில்லை.

போய் வாருங்கள், அண்ணே.